தோட்பொறியும் திரைக்காட்சியும்

சென்னைத் தேனாம்பேட்டையில், எல்டாம்ஸ் சாலை அண்ணா சாலையொடு கூடும் முனையில் நின்று நோக்குவார்க்குத் தமிழ்த் திரைப்பட வரலாற்றின் இருவேறு காலங்கள் ஒன்றற்கொன்று எத்துணை அணித்தாக உள்ளன என்பது புலனாகும். வடக்கே சிறிது தொலைவில், இன்று மேம்பாலம் வளைந்து கிடக்கும் இடத்தருகே, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது. 1948-இல் 'சந்திரலேகா' அந்நிலையத்தினின்று வெளிவந்தது. எல்டாம்ஸ் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்லின், ஆழ்வார்ப்பேட்டை எல்லையில் கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனத்தைக் காணலாம். 1986-இல் 'விக்ரம்' என்னும் படத்தை ஆக்கியது அந்நிறுவனம். முன்னதில் பெருமுரசுகளின் வயிற்றினுள் வீரர் ஒளிந்திருந்து, ஆடல் முடிந்தவுடன் வெளிப்பட்டுப் போர் தொடங்குகின்றனர். பின்னதில் பகைவர் கவர்ந்து சென்ற ஏவுகணை ஒன்றை மீட்டலே கதை. அங்கே படை கலைக்கருவியுள் மறைந்து நின்றது. இங்கே படைக்கலமே கலைப்பொருளாய் முன்வந்து நின்றது. முப்பத்தெட்டு ஆண்டுகளில், இரண்டு கல் தொலைவினுள் நிகழ்ந்த இம்மாற்றமே எம்மை இவ்வாராய்ச்சிக்கு ஈர்த்தது.

ஆயினும், யாம் ஈண்டு ஆராயப் புகுவது ஏவுகணை பற்றியன்று. அதனினும் சிறியதாய், ஒருவன் தன் தோள்மேல் தாங்கிக் கவச ஊர்தியைத் தாக்குதற்கு அமைந்த குழற்பொறி பற்றியது. மக்கள் இதனை 'ராக்கெட் லாஞ்சர்' என்று வழங்குவர். யாம் இதனைத் 'தோட்பொறி' எனக் குறித்துச் செல்வோம். பொறி என்பது யாம் வலிந்து கொணர்ந்த சொல்லன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிற்கண் அமைந்த போர்ப்பொறிகளை நிரல்படக் கூறுதலையும், அடியார்க்குநல்லார் அவற்றிற்கு உரை கண்டு செல்லுதலையும் கற்றோர் அறிவர். தமிழாராய்ச்சி இதழொன்றில் இத்தகைய பொருள் எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். இன்று தமிழ் மக்களிற் பெரும்பாலார் போர் என்பதை அறிவது புறநானூற்றால் அன்று, திரையால். ஆகலின் திரை போரைப் பற்றி என்ன கூறுகின்றது என்பதும், அது கூறுவது மெய்யா என்பதும், புறத்திணை கற்பார் ஆராய்தற்கு உரியனவே.

பெயரினின்றே தொடங்குவோம். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அமெரிக்கர் தம் படைக்கு வழங்கிய தோட்பொறிக்குப் 'பசூக்கா' என்று பெயர் வந்தது. பாப் பர்ன்ஸ் என்னும் நகைச்சுவைக் கலைஞர் வானொலியிலும் மேடையிலும் ஊதி நகைப்பூட்டிய ஒரு குழலின் பெயர் அது. படைக்கலத்தைத் தோளில் வைத்த வீரர்க்கு அவ்வேடிக்கைக் குழல் நினைவு வந்தது போலும். 'சந்திரலேகா'வில் தோற்கருவியினுள் படைவீரர் ஒளிந்தனர். அமெரிக்காவிலோ துளைக்கருவியின் பெயர் படைக்கலத்தின்மேல் ஏறியது. தோல் என்பதும் தோள் என்பதும் கருவி என்னும் சொல்லொடு புணருங்கால் முறையே தோற்கருவி எனவும் தோட்கருவி எனவும் ஆகும். ஓரெழுத்தின் வேறுபாட்டில் முரசு தோட்பொறியாகும் இவ்விந்தையை, மாணாக்கர்க்குப் புணர்ச்சி கற்பிக்கும்போது எடுத்துக்காட்டலாம்.

இன்று உலகெங்கும் பரந்து வழங்கும் தோட்பொறி 1961-இல் சோவியத்துப் படை ஏற்ற 'ஆர்.பி.ஜி.-7' ஆகும். இம்மூன்றெழுத்துகளும் 'உந்தப்படும் எறிகுண்டு' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் என்றே பலரும் கருதுவர். அது பிறழ உணர்ந்ததாகும். 'கையாற் கொண்டு கவச ஊர்தியைத் தாக்கும் எறிகுண்டுச் செலுத்தி' என்னும் கருத்துடைய உருசியத் தொடரின் முதலெழுத்துகளே அவை. ஆங்கில விரிவு பின்னர் எழுத்துகளுக்கேற்பப் புனைந்து கொண்டது. பெயர் முன்னும் விளக்கம் பின்னுமாய் வந்த இதனை, ஊர்ப்பெயர்களுக்குப் புராணங்கள் பிற்காலத்திற் காரணம் கற்பித்ததனோடு ஒப்பிடுக.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் இருதிறத்தன. தமிழக நாளிதழ்களில் ராக்கெட் லாஞ்சர், ராக்கெட் குண்டு, ஏவுகணை என்பன வேறுபாடின்றிக் கலந்து வரும். ஈழத்துப் போர்ச் செய்திகளிலோ 'உந்துகணை', 'உந்துகணை செலுத்தி' என்னும் ஆட்சி காணப்படும். ஏவுகணை, உந்துகணை என்னும் இரண்டும் வினைத்தொகைகளே. எனினும் அவற்றின் வினைகள் வேறு. ஏவுதல் என்பது பணித்தல். ஏவப்பட்டது ஏவினார் கருத்தின்வழிச் செல்லும். உந்துதல் என்பது தள்ளுதல் அளவே. ஆதலின், வழியிடைத் திருப்பிச் செலுத்தத் தக்கதாய், இலக்கைத் தேடிச் செல்லும் பெருங்கணைக்கு ஏவுகணை என்பதும், குழலினின்று நீங்கியபின் எவர் கட்டளைக்கும் அடங்காது செல்லும் இச்சிறு கணைக்கு உந்துகணை என்பதும் பொருந்தும். நாளிதழ் எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பேணாமை வியப்பன்று. கலைச்சொல் தொகுப்போரும் பேணாமையே வருந்தத் தக்கது. கருவியொடு வாழ நேர்ந்தவர் கண்ட சொல் நுட்பமாய் அமைந்ததும், அதனைத் தொலைவிலிருந்து கேட்டவர் கண்ட சொல் மயங்கியதும் இயல்பே என்க.

இனி இப்பொறி தொழிற்படும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். அதனை அறியாது திரைக்காட்சியை மதிப்பிடல் இயலாது. குழலின் இருபுறமும் திறந்திருக்கும். கணை முன்னோக்கிப் பாயும் கணத்தில் அதற்கு ஈடான விசையுடன் அனற்காற்று பின்னோக்கிப் பாயும். ஆதலின், எறிபவன் தோள் உதைபடுவதில்லை. ஆனால் அவன் பின்னால் நிற்பவன் கருகுவான். தீபாவளி நாளில் வெற்றுப் புட்டியில் வாணத்தை நிறுத்திக் கொளுத்தும் தேனாம்பேட்டைச் சிறுவர்க்கும் இவ்வுண்மை தெரியும். வாணத்தின் வால்பக்கம் எவனும் குனிந்து பாரான். ஆர்.பி.ஜி.-7-இன் குழல் 40 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 7 கிலோகிராம் எடையும் உடையது. முன்னே புடைத்து நிற்கும் தலைக்குண்டு 85 மில்லிமீட்டர் விட்டமுடையது. பின்னெரி இருபது மீட்டருக்கு மேலும் தீங்கு செய்யும். அறையினுள்ளோ சுவரையொட்டியோ நின்று எறிதல் எறிபவனுக்கே கேடாகும். ஓடும் ஊர்தியைத் தாக்க வேண்டின் முந்நூறு மீட்டர் அளவிற்கேனும் நெருங்குதல் வேண்டும். எறிந்தவுடன் புகையும் புழுதியும் எழுந்து அவனிருக்கும் இடத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுக்கும். ஆகவே, இது தூரத்தே பாதுகாப்பாய் நிற்பவனின் படைக்கலம் அன்று. சாவிற்கு அணித்தே செல்பவனின் படைக்கலம்.

தாக்கப்படும் இடத்தில் நிகழ்வதும் திரையிற் காண்பது போன்றதன்று. தலைக்குண்டினுள் கூம்பு வடிவாய் அமைந்த மென்தகடு வெடிப்பின் அழுத்தத்தால் மெல்லிய உலோகத் தாரையாய் மாறி எஃகைத் துளைத்துச் செல்லும். வெளியே தோன்றுவது பெரும்பாலும் விரலளவு துளை. ஊர்தியின் உள்ளேதான் கேடு நிகழும். உள்ளிருப்பவர் சாவர் அல்லது கருகுவர். திரையில் எழும் தீப்பிழம்போ கல்லெண்ணெயால் ஆக்கியது. மெய்யான கேடு அகத்தே நிகழ, திரை புறத்தே ஓர் ஒளிவிழாவை எடுக்கின்றது.

மேலைநாட்டுப் படங்கள் இரண்டு, இரண்டும் 1985-இல் வந்தவை, இதற்குத் தக்க சான்று. 'ராம்போ' வரிசையின் இரண்டாம் படத்தில், தரையிறங்கிய ஹெலிகாப்டரின் ஓட்டுநர் இருக்கையில் இறந்தான்போற் கிடக்கும் தலைவன், பகைவர் ஹெலிகாப்டர் நெருங்கியவுடன் தோட்பொறியை எடுத்து முன்கண்ணாடி வழியே எறிந்து அதனைத் தகர்க்கின்றான். அவன் பின்னால் இருப்பது, அவன் மீட்டு வந்த போர்க்கைதிகள் நிறைந்த அடைபட்ட அறை. பின்னெரி மெய்யாயின் மீட்கப்பட்டோர் நிலை என்னாம்? இயக்குநர் அவ்வினாவை எழுப்பவில்லை; அவையோரும் எழுப்பவில்லை. 'கமாண்டோ' என்னும் மற்றைய படத்தில், பழக்கமில்லாத பெண்ணொருத்தி நான்கு குழற்பொறியைத் தலைமாறிப் பிடித்து எறிய, கணை பின்னோக்கிச் சென்று ஒரு கட்டடத்தைத் தகர்க்கின்றது. அவையோர் நகைக்கின்றனர். எம் கருத்தில், இவ்விரண்டனுள் நகைக்காட்சியே உண்மைக்கு அணித்தானது. தோட்பொறிக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்பதை அந்நகைச்சுவையேனும் ஒப்புக்கொண்டதன்றோ?

இவ்விரண்டிற்கும் கால்நூற்றாண்டு முன்னரே, 1959-இல், பெர்ன்ஹார்ட் விக்கி என்னும் இயக்குநர் 'பாலம்' என்னும் பொருள்தரும் பெயருடைய படமொன்றை எடுத்தார். போர் முடியும் நாள்களில், பள்ளிச் சிறுவர் எழுவர் தம் சிற்றூரின் பாலமொன்றைக் காக்க விடப்படுகின்றனர். படைத்தலைமைக்கு அப்பாலத்தால் பயனில்லை. அஃது எப்படியும் தகர்க்கப்பட வேண்டியதே. சிறுவர் அதனை அறியார். அவருள் ஒருவன் வீடொன்றினுள் நின்று தோட்பொறியை எறிகின்றான். அவ்வீட்டு முதியவர் பின்னால் நிற்கின்றார். பின்னெரி அவர் முகத்திற் பாய்கின்றது. இக்காட்சியில் இசை இல்லை, வீரவுரை இல்லை. சிறுவனுக்கு எதிரே பகையூர்தி. பின்னே அவன் காக்க வந்த ஊரின் முதியவர். ஒரே கணத்தில் இருபுறமும் எரிகின்றது. இப்பொறியின் அமைப்பையே கதையின் பொருளாக்கிய காட்சி இதனின் வேறு யாம் கண்டிலேம்.

இக்காட்சியைக் கண்டபோது எமக்கு நினைவு வந்தது புறநானூற்றுத் தொண்ணூற்றைந்தாம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது கொளு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய்ப்பூச்சுப் பெற்று, காவல் மிக்க மனையில் உள்ளன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. ஔவையார் பழித்தாரல்லர், புகழ்ந்தாரும் அல்லர், இருவேறு கொட்டில்களைக் காட்டி அமைந்தார். பழிப்பது போலப் புகழ்தல் என அணிநூலார் இதனை எடுத்துக்காட்டுதல் உண்டு. அணியினும் ஆழமானது அதன்கண் உள்ள அளவுகோல். படைக்கலம் மெய்யானதா என்பதை அதன் பளபளப்பால் அறியலாகாது; கொல்லன் உலைக்குச் சென்றதா என்பதால் அறியலாம். பயன்பட்டது தேயும், தேய்ந்தது மீளத் தீட்டப்படும், அதனைத் தீட்டுபவன் ஒருவன் உளன். தூது சென்ற புலவரே கண்ட இவ்வுண்மையைப் படைக்கலத்தையே தொழிலாகக் கொண்ட திரைக்கலைஞர் காணாதொழிவது ஏன்?

திரையின் தோட்பொறி தொண்டைமான் கொட்டிலைச் சேர்ந்தது. அது தேய்வதில்லை, கனப்பதில்லை, தலைவனுக்கு வேண்டிய கணத்தில் எவரோ வீசியெறிய அவன் கையில் வந்து சேரும். கணையைச் சுமந்து வந்தவன் யார், குழலில் இட்டவன் யார் என்பன கேட்கப்படா. இந்தியத் தரைப்படை நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 'கார்ல் குஸ்டாஃப்' என்னும் 84 மில்லிமீட்டர்ச் சுவீடன் நாட்டுப் பொறிக்கு இருவர் வேண்டும். ஒருவர் குறிபார்க்க, மற்றவர் கணையிட்டுப் பின்பக்கம் வெறுமையாய் உள்ளதா எனப் பார்ப்பார். அவ்விரண்டாம் ஆளைத் தமிழ்த் திரையில் யாம் தேடினேம், காணேம். அண்மைக் காலப் படங்களில் தோட்பொறியினும் பெரிய துப்பாக்கிகளே விரும்பப்படுகின்றன. லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019), 'விக்ரம்' (2022) ஆகிய இரண்டும், குழுவினர் சேர்ந்து இயக்க வேண்டிய கனத்த துப்பாக்கியைத் தலைவன் ஒருவன் கையில் தந்து, பகைவர் கூட்டத்தை அழிப்பித்து முடிகின்றன. இவற்றின் ஒலியமைப்பும் ஒளியமைப்பும் திறம் வாய்ந்தன என்பதை யாம் மறுக்கவில்லை. அவையிலிருந்து எழும் ஆரவாரத்தின் உண்மையையும் மறுக்கவில்லை. அவ்வாரவாரம் எதன்பொருட்டு எழுகின்றது என்பதே எம் வினா. எதிரே வீழ்பவர் முகமற்றவராய் இருத்தலின், வீழ்த்துபவன் அறமும் ஆராயப்படாது போகின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். கலை என்பது நாடக வழக்கும் உலகியல் வழக்கும் விரவியது எனத் தொல்காப்பியரே கூறியிருக்க, திரைப்படத்தைப் படைக்கலப் பயிற்சி நூல்போல் அளத்தல் முறையோ? கலிங்கத்துப் பரணியிற் பேய்கள் களத்திற் கூழட்டு உண்டனவே, அஃது உலகியலா? நன்று, இத்தடைக்கு விடை அப்பரணியிலேயே உள்ளது. சயங்கொண்டார் மிகைப்படுத்தினார், ஆனால் அவர் மிகை களத்தை நோக்கிச் சென்றது. பிணங்களும் குருதியும் சிதைந்த யானைகளும் பேய்களின் அடுகளப் பொருள்களாய்க் கண்முன் குவிகின்றன. நகைத்துக்கொண்டே கற்பவனும் நூலை மூடியபின் போரின் விலையை மறவான். திரையின் மிகையோ களத்தை விட்டு நீங்கி, எறிபவனின் முகத்தை நோக்கிச் செல்கின்றது. கணை பாய்ந்த இடத்திற்குப் படக்கருவி செல்லாது. மிகை குற்றமன்று, அது செல்லும் திசையே ஆராயத் தக்கது.

தமிழ்நிலத்தில் உந்துகணை பற்றிய காட்சிக்கலை திரைப்படத்தோடு தொடங்கியதும் அன்று. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஹைதர் அலி, திப்பு ஆகியோர் படை ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை அழித்தது. மைசூர்ப் படையினர் மூங்கிற்கழியிற் கட்டிய இரும்புக் குழல் வாணங்களைப் பயன்படுத்தினர். ஆங்கிலரின் வெடிமருந்து வண்டிகள் போரிடையே வெடித்தன. இவ்வெற்றியைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தார். வெற்றி பெற்றவன் தன் புகழுக்காகத் தீட்டுவித்த ஓவியம் அது. ஆயினும் ஓவியன் பகைவரின் சதுர அணிவகுப்பிற்குள் நம்மை இட்டுச் செல்கின்றான். வெடிக்கும் வண்டியும் பல்லக்கிற் கிடக்கும் பெய்லியும் அங்கே உள்ளனர். அடிபட்டார் பக்கம் நின்றும் போரைக் காண அவ்வோவியன் அறிந்திருந்தான். புகழ்பாடுதலும் உண்மை காட்டலும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இப்பொருளில் எம்மை வருத்துவது ஒன்றுண்டு. 'விக்ரம்' படம் வெளிவந்த 1986-ஆம் ஆண்டை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அக்காலத்தில் ஈழத்துப் போராளிக் குழுவினர் பலர் சென்னையில் தங்கியிருந்தனர். 1982 மே மாதத்தில் தியாகராய நகர்ப் பாண்டி பசாரில், தேனாம்பேட்டையினின்று நடந்து செல்லும் தொலைவில், அவருட் சிலர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். 1986 நவம்பரில், பெங்களூரில் தெற்காசிய நாடுகளின் மாநாடு கூடுதற்குச் சற்று முன்னர், தமிழகக் காவல்துறை அக்குழுக்களின் படைக்கலங்களைக் கைப்பற்றியது. 1990 சூனில், திரைப்படத் தொழிலின் மறுபெயராகவே வழங்கும் கோடம்பாக்கத்தில், பத்மநாபாவும் உடனிருந்தோரும் கொல்லப்பட்டனர். அஃதாவது, அட்டையாலும் மரத்தாலும் படைக்கலம் செய்து படமெடுத்த நகரமே மெய்யான படைக்கலங்களும் உறைந்த நகரமாயிருந்தது. இரண்டும் ஒரே தெருக்களின் வழியே சென்றன. அவ்வாறிருந்தும் மெய்ப்படைக்கலத்தின் கனத்திலிருந்து திரை யாதொன்றும் கற்றுக்கொள்ளவில்லை. 1983 முதல் 2009 வரை பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழ் பேசும் மக்கள் இப்பொறிகளின் முன்னும் பின்னும் வாழ்ந்தனர். அவருட் பல்லாயிரவர் இக்கரைக்கும் வந்தனர். திரையரங்கில் எம்மோடு ஒரே வரிசையில் அமர்ந்து அத்தீப்பிழம்பைக் காண்பவருள் அவரும் உளர். அவர் கைதட்டுகின்றனரா என்பதை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முற்றும் விலக்கின்றிக் குறைகூறல் ஆய்வாளர்க்கு அழகன்று. கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' (2013) பல வகையில் வாதத்திற்கு இடமானது. தமிழ்நாட்டில் அரசின் தடை நீங்கிப் பிப்ரவரி 7-ஆம் நாள்தான் வெளிவந்தது. இசுலாமியரைச் சித்திரித்த முறை பற்றி எழுந்த குறைகளை எளிதிற் புறந்தள்ளுதலும் ஆகாது. எனினும் அதன் ஆப்கானிசுத்தானப் பகுதியில், கண்கட்டிய சிறுவன் ஒருவன் பல்வேறு தோட்டாக்களைக் கையால் தடவியே இன்னது இன்னது எனப் பெயர் கூறும் காட்சி ஒன்றுண்டு. அங்கே வெடிப்பில்லை. படைக்கலம் ஒரு குழந்தையின் விரல்நுனியில் கனக்கின்றது. பிற குழந்தைகள் புளியங்கொட்டையையும் சோழியையும் எண்ணும் பருவத்தில் இக்குழந்தை எதனை எண்ணக் கற்றது என்பதை எவரும் வாய்திறந்து கூறாமலே அவையோர் உணர்வர். அப்படத்தின் பெருவெடிப்புகள் அனைத்தினும் இச்சிறு காட்சியே எம் நெஞ்சில் நிலைத்தது.

எழுத்திலக்கியத்தில் நிலைமை சிறிது நன்று. மலரவன் என்னும் இளைஞர் எழுதிய 'போர் உலா' 1990-ஆம் ஆண்டு மாங்குளம் படைமுகாமைத் தாக்கச் சென்ற ஓர் அணியின் வழிப்பயணத்தைக் கூறும். ஆசிரியர் 1992-இல் களத்திலேயே இறந்தார். நூல் 2013-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இது போரிடும் தரப்பொன்றினுள் நின்று எழுதிய சார்பு நூல். மறுதரப்பில் மாய்ந்தவர்க்கும், அத்தரப்பாலேயே துன்புற்ற தமிழர்க்கும் இதில் இடமில்லை என்பதை மறவாது கற்றல் வேண்டும். ஆயினும் படைக்கலத்தைச் சுமையாகக் காட்டிய நூல் என்ற வகையில் இதற்குத் தனியிடம் உண்டு. குண்டுகளை ஏற்றிக்கொண்டு செல்லும் வழியும், வழியிடை ஊர்களின் வறுமையும் இதில் போரினும் மிகுதியாக இடம்பெறும். உலா என்பது தலைவன் பவனிவர எழுபருவ மங்கையர் கண்டு காதலுறும் பாட்டு. இங்கே பவனி வருவது வெடிமருந்து; காண்பவர் பசித்த சிற்றூர் மக்கள். தலைப்பிட்டவர் இம்முரணை எண்ணி இட்டனரோ அன்றி இயல்பாய் அமைந்ததோ, மரபறிந்தார்க்கு அது சுருக்கென்று தைக்கும்.

இதனொடு, ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி தலைமைப் பாத்திரமாக நடித்து, 2015-இல் கான் விழாவில் உயர்பரிசு பெற்ற 'தீபன்' என்னும் பிரெஞ்சுப் படத்தின் தொடக்கத்தையும் வைத்து நோக்குக. போர் தோற்றபின், பிணங்களை எரிக்கும் ஈமத்தீயில் ஒரு போராளி தன் சீருடையையும் இட்டு எரிக்கின்றான். படைக்கலம் கண்ணிற் படாத அக்காட்சியில் அவன் இறக்கி வைத்த கனம் தோளின் சாய்விலே தெரிகின்றது. அப்படத்தின் முடிவிலோ தலைவன் தனியொருவனாய்ப் பகைவரை வீழ்த்திச் செல்கின்றான். இயக்குநர் ழாக் ஓதியார் அங்கே மேலைத்திரையின் பழைய பாதைக்கே மீண்டுவிட்டார் என்பது எம் கருத்து. தொடக்கத்தைத் தந்தவர் அம்முடிவைத் தந்திருக்க வேண்டியதில்லை.

உந்துகணை, உந்துகணை செலுத்தி என்னும் சொற்களை மேலே எடுத்துக்காட்டினேம். இவை போன்று ஈழத்துப் போர்க்காலத்தில் தோன்றிய படைக்கலச் சொற்களும், பதுங்குகுழி முதலிய வாழ்விடச் சொற்களும், குண்டொலியை அதன் வகைநோக்கி மக்கள் வேறுபடுத்திக் குறித்த ஒலிக்குறிப்புச் சொற்களும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. அவற்றை வழங்கியவர் பலர் தமிழகத்து முகாம்களிலும் சென்னையின் புறநகர்களிலும் முதுமை எய்தி வருகின்றனர். முதுகலை மாணாக்கர் எவரேனும் இப்பணியை மேற்கொள்வராயின், திரைப்பட உரையாடல்களில் வழங்கும் சொற்களை ஒரு நிரலிலும் இவர்தம் சொற்களை மறுநிரலிலும் வைத்து ஒப்பிட்டுக் காணல் வேண்டும். பின்னெரிக்கு இவர் இட்ட பெயர் யாதென முதலிற் கேட்டறிக.